மூன்று சென்ட் மழை

எங்கள் நடுவக்கரிசலில் மூன்று வருஷம் மழை இல்லை, நாலாவது வருஷம் பெய்தது, ஆனால் வேலுத்தாய் வீட்டு மூன்று சென்ட்டில் மட்டும் பெய்தது, அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாற்பத்தோரு நாள் விடாமல் பெய்தது. நம்பாதவர்கள் வந்து என் வீட்டுச் சுவரைப் பார்க்கலாம். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். அவள் பக்கம் பாசி பிடித்துப் பச்சைப்பசேல் என்று கிடக்கிறது, என் பக்கம் போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு ஒரு பொட்டுப் பாசி இல்லாமல் அப்படியே இருக்கிறது. நான் டெய்லர் பவுனு. இந்தக் கதையில் கல்யாணப் பெண்ணுக்குப் பாவாடை தைத்தது நான்தான், அதனால் டீக்கடையில் ஆளுக்கு ஒன்றாகச் சொல்வதைக் கேட்பதைவிட என்னிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மழைக்காக நாங்கள் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. அம்மனுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினோம், பெண்கள் எல்லாம் வீடு வீடாகப் போய் மழைச்சோறு வாங்கிப் பொட்டலில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தோம், கழுதைக்குக் கல்யாணம் பண்ணினோம், தாலி ஏறிய மறுநாளே கழுதைகள் இரண்டும் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டன. கடைசியில் தலைவர் ராமகுரு தவளைக் கல்யாணம் என்றார். பஞ்சாயத்துத் தலைவர் பதவி போய்ப் பத்து வருஷம் ஆகிறது, ஆனாலும் எங்களுக்கு அவர்தான் தலைவர், அவருக்கும் அதுதான் நினைப்பு. சரி, கல்யாணம் என்றால் தவளைக்கு எங்கே போவது? கண்மாயில் வெடிப்பு விழுந்து ஆட்டுக்கால் மாட்டிக்கொள்கிற காலம். ஊரே நாலு நாள் தேடி, மாப்பிள்ளையைத் தலைவர் தோட்டத்துக் கிணற்றின் அடித் தண்ணீரில் பிடித்தார்கள், நல்ல தாட்டியான பச்சைத் தவளை. பெண் கிடைத்தது வேலுத்தாய் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில், ஈர மணலுக்குள்.

உண்மையைச் சொன்னால் அது தவளையே இல்லை, தேரை. முதுகெல்லாம் சொரசொரவென்று, மண்ணுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியாமல், பொறுமையாக உட்கார்ந்திருந்தது. நான் அப்போதே சொன்னேன், தவளை தண்ணீரில் கிடக்கிறது, தேரை தரையில் கிடக்கிறது, இரண்டும் எப்படி ஒத்து வரும் என்று. எல்லாம் ஒரே சாதிதான் போ என்றார்கள். வேறு எந்தக் கல்யாணத்திலும் இவர்கள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பெண் யார் வீட்டில் கிடைக்கிறதோ அந்த வீட்டுக்காரிதான் பெண்ணைப் பெற்றவள், அதுதான் முறை, ஆகவே வேலுத்தாய் பெண் வீட்டுக்காரி ஆனாள். புருஷன் செத்து, பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை பார்க்கிறவள். ஏற்கெனவே ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவள்தான். மகள் பேர் முனீஸ்வரி, சாத்தூர்ப் பக்கம் கொடுத்தது. அந்தப் பிள்ளை மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை கன்னம் வீங்கி வந்தது, இரண்டாம் தடவை கையில் சூட்டுக் காயத்தோடு வந்தது, மூன்றாம் தடவை போட்டிருந்த நைட்டியோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியது. மூன்று தடவையும் மூன்றாம் நாள் சாத்தூரிலிருந்து வேன் வந்தது, பழத்தட்டு வந்தது, தட்டுக்கு முன்னால் தலைவர் ராமகுரு வந்தார். பொண்ணு என்றால் கொஞ்சம் அனுசரிச்சுத்தான் போகணும், நாலு வீட்டுக்குத் தெரிய வாழாவெட்டியாக உட்கார வைக்க முடியுமா என்று பேசினார்கள். நானும் பேசினேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று தடவையும் அந்தப் பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னி விட்டது நான்தான், வேலுத்தாய் சீப்பைத் தொடவில்லை. பேச்சு முடிந்து வேன் முன்னால் போய்விடும், மறுநாள் பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்புவோம். பஸ் ஏறும்போது வேலுத்தாய் எல்லாத் தாயும் சொல்கிறதைச் சொன்னாள், இனிமேல் அதுதான் உன் வீடு என்று. மூன்றாம் தடவை பஸ் கிளம்பிய அன்றைக்கு ஒரு தூறல் போட்டது, ஊர் பார்த்த கடைசி மழை அதுதான், நாளை எண்ணிப் பார்த்தது நான் ஒருத்திதான், அதை வெளியே சொல்லவில்லை. அதற்கப்புறம் முனீஸ்வரி வரவே இல்லை. போன் போட்டால் நல்லாருக்கேன் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

தவளைக் கல்யாணத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. பத்திரிகை அடித்தோம், பஸ் ஸ்டாப்பில் மணமக்கள் படம் போட்டு பிளக்ஸ் வைத்தோம், நான் சிவப்பு ஜாக்கெட் பிட்டில் நாலு விரல் அகலத்துக்குப் பாவாடை தைத்து ஜரிகை வைத்தேன். மாப்பிள்ளை இரண்டு தடவை மணவறையை விட்டுக் குதித்து ஓடினான், பெண் அசையாமல் இருந்தது. மஞ்சள் கயிறு ஏறியது, குலவை போட்டோம், சாப்பாடு நடந்தது. பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய நேரம் வந்தது, அதாவது தலைவர் தோட்டத்துக் கிணற்றுக்கு. வேலுத்தாய் தேரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். எங்கள் ஊர் மைக்செட் சங்கையாவுக்கு ஒரு பழக்கம், சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் யார் அழுதாலும் அவர்கள் வாய்க்கு நேரே மைக்கை நீட்டிவிடுவான். நீட்டினான். அவள் எப்போதும் சொல்கிறதைச் சொல்லப் போகிறாள் என்றுதான் நாங்கள் நின்றோம்.

"ஒத்து வரலன்னா திரும்பி வந்துரு தாயி," என்றாள் வேலுத்தாய். "யாரு என்ன சொன்னாலும் வந்துரு. வீடு தெறந்துதான் கெடக்கும்."

நாலு தெரு ஸ்பீக்கர்க் குழாயிலும் அது கேட்டது. சில பொம்பளைகள் சிரித்தார்கள், சிரித்த கண்ணையே துடைத்துக்கொண்டார்கள். தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது, பெண்ணை அனுப்புகிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது என்று சங்கையாவைப் பிடித்துத் திட்டினார். யாரோ செல்போனில் வீடியோ பிடித்து அன்றைக்கே நாலு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

தேரையைக் கிணற்றில் விட்டோம். ஏழு நாள் வானம் மூட்டம் போட்டபடி நின்றது, பெய்யவில்லை. எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு, கடைவீதி வழியாக, கழுத்தில் மஞ்சள் கயிற்றோடு, பாவாடை எங்கேயோ கழன்று போய், தேரை குதித்துக் குதித்து வந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு முறம் அகலத்துக்கு மழை பெய்துகொண்டு வந்தது. அது குதித்தால் மழையும் குதித்தது, அது இளைப்பாற நின்றால் மழையும் நின்ற இடத்தில் பெய்தது. டவுன் பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி வழி விட்டார். டீக்கடையில் இருந்தவர்கள், வேலுத்தாய் மகள் வருது என்று சொல்லிக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். தேரை நேரே வேலுத்தாய் வீட்டுக்குள் போய்ப் பானைக்கு அடியில் தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது, முறம் அகல மழை விரிந்து விரிந்து அவள் இடத்து நாலு மூலைக்கும் பரவி, மூலைக்கல்லைத் தாண்டாமல் நின்று பெய்ய ஆரம்பித்தது.

முதல் நாள் ஊரே திரண்டு வந்து நனைந்தது. பெண்கள் சீயக்காய்த் தூளோடு வந்து தலை முழுகினார்கள், எருமையைக்கூட ஓட்டிவந்து நிறுத்தினார்கள். இரண்டாம் நாள் குடம் கொண்டு வந்தார்கள். வழிய வழியப் பிடித்துத் தெருவில் இறங்கினால் குடம் கனம் குறைந்துகொண்டே போய், வீடு சேர்வதற்குள் வெறுங்குடமாகிவிடும், பெண் இல்லாமல் அந்தத் தண்ணீர் எங்கேயும் போகாது போல. மூன்றாம் நாள் எல்லோருக்கும் இது பழகிவிட்டது. கரண்ட்காரர் வந்து பயந்துபோய் லைனைத் துண்டித்துவிட்டுப் போனார். தாலுகா ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து, வேலுத்தாய் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு, மழை அளக்கிற கருவி ஆபீஸ் வளாகத்தில் இருக்கிறது, அதில் ஒரு சொட்டும் விழவில்லை, ஆகவே மழை இல்லை என்று நின்றபடியே எழுதிக்கொண்டு, நனைந்த செருப்போடு போனார். என் ஆடு தலையை அந்தப் பக்கம் மழையில் நீட்டிக்கொண்டு உடம்பை இந்தப் பக்கம் வெயிலில் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்கப் பழகிவிட்டது. நான் அந்தச் சத்தத்திலேயே மெஷின் மிதித்தேன்.

பேச்சு அதற்கப்புறம்தான் கிளம்பியது. பெண் கோபித்துக்கொண்டு வந்துவிட்டது என்றார்கள். மாப்பிள்ளைக்கு என்ன குறை, சொந்தக் கிணறு, வற்றாத ஊற்று என்றார்கள். தாய்க்காரி கொடுத்த இடம், மைக்கிலேயே சொல்லி அனுப்பினாளே என்றார்கள். அந்தத் தேரை கிணற்றில் என்ன பாடுபட்டது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, தரையில் கிடக்கிற பிராணியை ஆழக் கிணற்றில் போட்டால் ஏழு நாள் சுவரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் ஊரையும் குற்றம் சொல்ல முடியாது. மூட்டத்தை நம்பி எல்லோரும் மக்காச்சோளம் விதைத்திருந்தோம். விதை மண்ணுக்குள் பொரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் இரண்டு ஏக்கர், அது போனால் அந்த வருஷத்துக்கு வேறு ஒன்றும் இல்லை. பெண் கிணற்றுக்குத் திரும்பினால் மழை விதைத்த காட்டுக்குத் திரும்பும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக ஆகிவிட்டது.

பதினைந்தாம் நாள் பழத்தட்டு வந்தது. வாழைப்பழம், ஆப்பிள், வெற்றிலை, மல்லிகைப்பூ, எல்லாம் முறைப்படி. மாப்பிள்ளையையும் ஒரு சொம்பில் போட்டுத் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் குடை பிடித்தபடி வாசலில் நின்று, முனீஸ்வரிக்குப் பேசிய அதே பேச்சை ஒரு வார்த்தை மாறாமல் பேசினார். துணியை அவிழ்த்தார்கள், மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் மூடித் திறந்தான். வேலுத்தாய், அதுவாக வந்தது, அதுவாகப் போனால் போகட்டும், நான் பிடித்துக் கொடுக்க மாட்டேன் என்றாள். முப்பதாம் நாள் மறுபடியும் வந்தார்கள், அப்போதும் அதையே சொன்னாள். ஆனால் அதற்குள் அவள் வீடு கரைந்துகொண்டிருந்தது. பின்சுவர் பாதி விழுந்துவிட்டது, அடுப்பு பற்றவில்லை, நான் சுவருக்கு மேலே சோறு கொடுப்பேன், அவள் இருமிக்கொண்டே வாங்குவாள். பானைக்கு அடியில் ஈர மணலைத் தினமும் மாற்றி விடுவாள், தாயி தாயி என்று அதனிடம் பேசிக்கொண்டே இருப்பாள்.

நாற்பதாம் நாள் மறுபடியும் தட்டு வருவதற்கு முன்னால் என்னைத்தான் போய்ப் பேசச் சொன்னார்கள். போனேன். மதினி, அது தேரை, மனுசி இல்லை, நீயும் செத்துப் போவாய், ஊரும் செத்துப் போகும், எங்கள் சோளம் எல்லாம் காய்கிறது என்று சொன்னேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் என்னைக் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை.

"முனீஸ்வரி வந்தப்பயும் ஒவ்வொரு தடவையும் எதோ ஒண்ணு காஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு பவுனு," என்றாள்.

அதைச் சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கித் தேரையைக் கையில் எடுத்தாள்.

நாற்பத்தோராம் நாள் காலையில் ஊரே கிணற்றங்கரையில் நின்றது. தேரைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள், தலை பின்னத்தான் வழியில்லை. முறம் அகல மழை அவளையும் தேரையையும் நனைத்துக்கொண்டே கூட வந்தது. தலைவர் இந்தத் தடவை சங்கையாவைத் தானே கூப்பிட்டு மைக்கை நீட்டச் சொன்னார், போன தடவை சொன்ன தப்பை இப்போது மாற்றிச் சொல்லணும், பெண் காதில் விழணும் என்றார். வேலுத்தாய் சொன்னாள், இனிமேல் இதுதான் உன் வீடு தாயி என்று. குரல் வரவில்லை, சங்கையா சத்தத்தைக் கூட்டி வைத்தான். தேரை குதிக்கவில்லை. அவள் உள்ளங்கையிலேயே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் காத்திருந்தோம். வேலுத்தாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையைக் கவிழ்த்தாள்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை, மூன்று நாள் விடவில்லை. கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றது, ஓடையில் நுரை கட்டி ஓடியது, காடெல்லாம் மக்காச்சோளம் ஊசி ஊசியாக முளைத்து எழுந்தது. என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் ஆடினார், அவர் ஆடி அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலுத்தாய் வீட்டு மூன்று சென்ட்டில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. அதற்கு மேலே மட்டும் வெயில் அடித்தது. நனைந்த சுவர் காய்ந்து வெடிப்பு விட்டது. அவள் அந்தக் காய்ந்த மண்ணில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாயசம் வைத்துச் சுவருக்கு மேலே நீட்டினேன், கை வலிக்கிற வரைக்கும் நீட்டிக்கொண்டு நின்றேன், அவள் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் மத்தியான பஸ்ஸில் முனீஸ்வரி வந்தாள். கையில் ஒரு ஒயர்கூடை. போனைப் பாலிதீன் பையில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள், தலை எத்தனை நாள் சீவாததோ, சடை பிடித்துக் கிடந்தது. கொட்டுகிற மழையில் நடந்து வந்து வீட்டுக்கு முன்னால் மூலைக்கல்லுக்கு வெளியே நின்றுகொண்டாள், இன்னும் ஒரு எட்டு வைத்தால் காய்ந்த தரை, வைக்கவில்லை. கை மாறிக் கை மாறி அந்தக் கல்யாண வீடியோ அவள் போனுக்கு வந்திருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாத நேரமெல்லாம் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

"அம்மா," என்றாள். "மைக்குல சொன்னியே. அது தேரைக்கு மட்டுந்தானா, எனக்கும் சேத்துத்தானா?"

மூன்று நாளைக்கு முன்னால் அதே மைக்கில் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தவள் என்ன சொல்வாள்? வேலுத்தாய் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள், மகள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள், இரண்டு பேரும் அந்தக் காய்ந்த மண்ணில் விழுந்து அழுதார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மழையில் நின்றுகொண்டு அழுதேன். அன்றைக்கெல்லாம் பின்னிப் பின்னிப் பஸ் ஏற்றி விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் மழை குறைந்தது. முதலில் கிழக்கே காட்டுப்பக்கம் வெளுத்தது, அப்புறம் கோயில் பக்கம் நின்றது, அப்புறம் கடைவீதி, அப்புறம் என் வாசல். வெளியே எட்டிப் பார்த்தேன். தெருவின் நடுவே, மஞ்சள் கயிறு பாதி அறுந்து தொங்க, தேரை வந்துகொண்டிருந்தது. அவசரப்படவே இல்லை. மூலைக்கல்லைத் தாண்டி, அழுகிறவர்களையும் தாண்டி, பானைக்கு அடியில் போய் உட்கார்ந்தது, அதன் பின்னாலேயே மழையும் வந்து மூன்று சென்ட்டுக்குள் அடங்கியது.

இது நடந்து இன்றைக்கு மூன்றாம் நாள், காலையிலேயே வந்துவிட்டார்கள். சாத்தூர் வேன் ஒன்று, தலைவர் கார் ஒன்று, பழத்தட்டு இரண்டு. ஒரே வேலையாக இரண்டு பேரையும் அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். வழக்கம்போல என்னைத்தான் முன்னால் போகச் சொன்னார்கள். சோளம் இப்போதுதான் இரண்டு இலை விட்டிருக்கிறது, பத்து நாளுக்குள் இன்னொரு மழை இல்லாவிட்டால் அவ்வளவுதான், தெரியும்தானே என்று என் வீட்டுக்காரரே சொன்னார், அவரும் தட்டுப் பக்கம்தான் நின்றார். தெரியும் என்றேன், குடையை வைத்துவிட்டு நனைந்துகொண்டே உள்ளே போனேன்.

விழாமல் நிற்கிற பாதிக் கூரைக்குக் கீழே முனீஸ்வரியை உட்கார வைத்து வேலுத்தாய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பானை, பானைக்கு அடியில் மகராசி கண்ணை மூடிக் கிடந்தது. வேலுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொல்லச் சொன்னாங்க பவுனு?"

எத்தனையோ சொல்லத்தான் வந்தேன். அவள் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளை முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து சிக்கெடுக்க ஆரம்பித்தேன். அத்தை வலிக்கிது என்றாள், பொறு தாயி என்றேன். வெளியே வெயிலில் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான், தலைவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், என் வீட்டுக்காரரும் கூப்பிடுகிறார். அந்த இரண்டு ஏக்கர் பச்சையும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சிக்கெல்லாம் எடுத்து முடித்துவிட்டேன். பழக்கத்தில் கை தானாக முடியை மூன்றாகப் பிரிக்கப் போகிறது, பிரித்தால் பின்னிவிடுவேன், பின்னினால் பஸ் ஏற்றிவிடுவேன் என்று பயந்து, திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.